கால் காத்திருக்கும்... மூச்சு?

எங்கள் அபார்ட்மெண்ட்டில் இரண்டு செக்ரட்டரிகள். ஒருவர், மூன்றாம் மாடியில் இருக்கும் ரிடையர்டு அதிகாரி. மெயின்டனன்ஸ் பாக்கியைக் கேட்டுக் கதவைத் தட்டுகிறவர். இன்னொன்று, வாட்ச்மேன் ஸ்டூலுக்கு அடியில் படுத்திருக்கும் பழுப்பு நிற நாய். அசோசியேஷன் கூட்டம் எது நடந்தாலும் தவறாமல் ஆஜராகி, முதல் வரிசையில் படுத்து, நன்றி நவிலல் வரைக்கும் தூங்குவதால் பையன்கள் அதற்கு வைத்த பெயர் 'செக்ரட்டரி'.

நிஜ செக்ரட்டரிக்கு இதில் மனவருத்தம். நாயின் பெயரை மாற்ற வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். கோரம் இல்லை என்று ஒத்திவைத்துவிட்டார்கள். வந்திருந்த ஐந்து பேரில் ஒன்று நாய்.

போன தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி ஏழரை மணி. யாருடைய பிரியாணியோ ஆறிப்போவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற வேகத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. 'டமால்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து ஓர் ஊளை. நான் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தபோது செக்ரட்டரி இரண்டு குட்டிக்கரணம் போட்டு எழுந்து, மூன்று காலில் நொண்டிக்கொண்டே வந்து, பழையபடி ஸ்டூலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. பின்னங்கால் ஒன்று தொங்கியது. ரத்தம் வேறு. வாலை மட்டும் ஆட்டியது.

கீழே போவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதில் ஆளுக்கொரு எம்.பி.பி.எஸ்.

"மஞ்சப்பொடி வைங்க சார், நின்னுடும்."

"மஞ்சப்பொடியெல்லாம் வேஸ்ட். காப்பிப்பொடிதான் கரெக்ட்."

"கொஞ்சம் பால் ஊத்துங்க. பாவம், பயந்துடுச்சு."

"அதான் எழுந்து நடந்து வந்துடுச்சே! ஒண்ணும் இல்லே. தானே நக்கி சரி பண்ணிக்கும்."

கடைசி வாக்கியம் என்னை என்னவோ செய்தது. ஏனென்றால், அதே வாக்கியத்தை 2013-ல் நானே சொல்லியிருக்கிறேன்.

*

அப்போது வில்லிவாக்கத்தில் குடியிருந்தோம். என் பையன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய நாய் ராஜா. ஒரு சாயங்காலம் தெருமுனையில் ஒரு வேன் இடித்துவிட்டது. ராஜா எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிக்கொண்டு, தானாகவே வீட்டுக்கு வந்தான். வெளிக்காயமே இல்லை. பால் ஊற்றினோம், குடித்தான். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்பா" என்றான் பையன். "எதுக்குடா? அதான் நடக்கிறானே! ஒண்ணும் இல்லே. பயந்துட்டான், அவ்வளவுதான்" என்றேன். மறுநாள் காலை ஐந்து மணிக்குத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ராஜா விறைத்துக் கிடந்தான்.

பையன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இன்றைக்கு அவன் புனேயில் வேலை பார்க்கிறான். எல்லாம் பேசிக்கொள்கிறோம். ராஜாவைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

ஆகவே, "ஒண்ணும் இல்லே" என்ற சொல்லைக் கேட்டதும், "இல்லே, டாக்டர்கிட்ட போறோம்" என்று நானே சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சொல்லிவிட்டேனே தவிர, எப்படித் தூக்குவது? ஆறு வருஷமாக என் கையால் பிஸ்கட் தின்ற நாய்தானே என்ற உரிமையில், தொங்குகிற காலைப் பிடித்தேன். 'லபக்!' வலது கை. நான்கு பற்கள். வலியில் இருக்கிற நாய்க்கு ஆறு வருஷத்து பிஸ்கட் ஞாபகம் இருக்காது என்பது அன்றைய முதல் பாடம்.

என் மனைவி காதைப் பிடிக்காத குறையாக என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். "பதினஞ்சு நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவணும்ங்க. கையை எடுத்தீங்கன்னா பாருங்க." (அவள் சொன்னது சரி. ரேபீஸுக்கு முதல் மருந்து சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். அப்புறம் தாமதிக்காமல் ஊசி. அந்தக் காலம் போலத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு இல்லை. இப்போது கையில்தான், சில ஊசிகளோடு முடிகிறது. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் உண்டு. நான் அன்றிரவே போட்டுக்கொண்டேன். தயவுசெய்து நீங்களும் இதில் தைரியசாலியாக இருக்காதீர்கள்.)

நான் கை கழுவுகிற நேரத்தில் பையன்கள் கேரம் போர்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டாம் மாடி அருண், எட்டாவது படிப்பவன், போனில் எதையோ பார்த்துவிட்டு, "அங்கிள், நாயைக் கையாலே தூக்கக் கூடாதாம். முதுகெலும்பு உடைஞ்சிருந்தா ஆபத்தாம். பலகையிலே வச்சு எடுக்கணுமாம்" என்றான். ஒரு போர்வையை மெல்ல அடியில் நகர்த்தி, போர்வையோடு நாயைப் போர்டுக்கு இழுத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தினார்கள். வாய்க்கு ஒரு துப்பட்டாக் கட்டும் போட்டான். ரெட் காயின் வைக்கிற இடத்தில் செக்ரட்டரி. ஐந்து பேர் தூக்கிக்கொண்டு நடந்த காட்சி, எங்கள் தெரு உற்சவத்தில்கூடக் காணாதது.

ஆட்டோக்காரர், "இன்னா சார், நாயா? சீட்டெல்லாம் ரத்தம் ஆவுமே. அம்பது ரூபா சேத்துக் குடு" என்றார். கொடுப்பதாகச் சொன்னேன். காலில் சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டே போனோம். ரத்தம் துணியை மீறியபோது அருண் துணியை எடுத்துப் பார்க்கப் போனான். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "எடுக்காதே தம்பி! அது மேலேயே இன்னொண்ணு வச்சு அமுத்து. எடுத்தா மறுபடி கொட்டும்" என்றார். எங்கே கற்றாரோ! அதுதான் முறை என்று டாக்டரும் பிறகு சொன்னார்.

*

கிளினிக்கில் எங்களுக்கு டோக்கன் நம்பர் ஒன்பது. நான்காம் நம்பரில் ஒரு பொமரேனியன், நகம் வெட்டிக்கொள்ள வந்து, எங்களை ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். அறையிலிருந்து எட்டிப் பார்த்தவர் செக்ரட்டரியைத் தொடக்கூட இல்லை. அரை நிமிஷம் அதன் விலாவையே பார்த்தார். "இதை முதல்லே உள்ளே கொண்டாங்க" என்றார்.

"நாங்க நாலாம் நம்பர்" என்றார் பொமரேனியன்காரர்.

"இங்கே மூச்சை எண்ணித்தான் சார் நம்பர். அது நிமிஷத்துக்கு எழுபது தடவை மூச்சு விடுது. சும்மா படுத்திருக்கிற நாய் முப்பதுக்குள்ளே விடணும்."

முதல் காரியமாக வாய்க்கட்டைத் தேடினார். அருண் போட்ட முடிச்சு ஒரு எட்டாவது படிக்கிற பையன் போட்ட முடிச்சாகவே இருந்ததால் வழியிலேயே அவிழ்ந்து கழுத்துக்கு வந்திருந்தது. "நல்லவேளை! கடிக்கும்னு வாயைக் கட்டறது சரிதான். ஆனா மூச்சு வாங்கற நாய்க்கும், வாந்தி எடுக்கற நாய்க்கும், மூக்கு சப்பையான நாய்க்கும் கட்டக் கூடாது. அது வாயாலேதான் மூச்சே விட்டுக்கிட்டிருக்கும்."

நான் கடமை தவறாத கார்டியனாக, "டாக்டர், கால்... பின்னங்கால்... எலும்பே தெரியுது பாருங்க" என்றேன்.

"பார்த்தேன் சார். சுத்தமான துணி சுத்தி வச்சுட்டோம். கால் காத்திருக்கும். மூச்சு காத்திருக்காது."

அதற்கப்புறம் அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசைதான் இதில் முக்கியம்.

முதலில் மூக்கில் ஆக்ஸிஜன். அடுத்தது, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். "ஈறு ரோஸ் கலர்லே இருக்கணும். இது வெளுத்திருக்கு, பாருங்க." கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெள்ளையாகி மறுபடி நிறம் வர மூன்று விநாடிக்கு மேல் ஆனது. "இரண்டு விநாடிக்குள்ளே வரணும். வரலைன்னா ரத்த ஓட்டம் சரியா இல்லைன்னு அர்த்தம். வெளுத்திருந்தா ரத்தம் போயிருக்கலாம், ஷாக். நீலமா இருந்தா ஆக்ஸிஜன் இல்லே." சில நாய்களுக்கு ஈறே கறுப்பு. அதற்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்க வேண்டுமாம்.

பிறகு தொடையின் உள்பக்கம் விரல் வைத்து நாடி. அதற்கப்புறம்தான் ஸ்டெதாஸ்கோப். வலது பக்கம் வைத்தார், இடது பக்கம் வைத்தார். முகம் மாறியது. "நுரையீரல் சத்தமே கேக்கலை. காத்து வெளியே வந்திருக்கு."

அதாவது, இடித்த வேகத்தில் நுரையீரலில் எங்கேயோ ஓட்டை. ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் காற்று, நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் கசிந்து தங்கிவிடுகிறது. அது சேரச் சேர, நுரையீரலுக்கு விரிய இடமில்லை. வெளியில் ஒரு கீறல் கிடையாது. நாங்கள் எல்லோரும் காலைப் பார்த்துக்கொண்டு காப்பிப்பொடியா மஞ்சப்பொடியா என்று பட்டிமன்றம் நடத்திய நேரத்தில், நாய் நெஞ்சுக்குள்ளே மூச்சுமுட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு ஊசி. சிரிஞ்சால் இழுக்க இழுக்க வெறும் காற்று. எண்ணிக்கொண்டே வந்தார். நானூறு மில்லி தாண்டியதும் செக்ரட்டரி ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், அசோசியேஷன் கூட்டம் முடிந்தாற்போல ஒரு பெருமூச்சு! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொமரேனியன்காரர் கர்ச்சீப் கொடுத்தார்.

*

"டாக்டர், ரெண்டு பாட்டில் குளுகோஸ் ஏத்திடுங்களேன், தெம்பா இருக்கும்" என்றேன். தமிழனுக்கு டிரிப்ஸ் மேல் இருக்கும் நம்பிக்கை அலாதி.

"இது தண்ணித் தொட்டி இல்லே சார். பதினஞ்சு கிலோ நாய்கிட்டே மொத்தமே ஒண்ணேகால் லிட்டர் ரத்தம்தான். நாலு கிலோ பூனைகிட்டே கால் லிட்டர். முன்னே ஷாக்குன்னா மளமளன்னு பாட்டில் பாட்டிலா ஏத்துவாங்க, கூடவே ஸ்டிராய்டு ஊசி. இப்போ ரெண்டையும் அப்படிச் செய்யறதில்லே. ஒரேயடியா ஏத்தினா ரத்தம் நீர்த்துப் போயிடும். உறைஞ்சு அடைச்சுக்கிட்ட இடம் பிச்சுக்கும். அடிபட்ட நுரையீரல்லே நீர் கோத்துக்கும். கொஞ்சமா ஏத்தணும், ஈறைப் பாக்கணும், நாடியைப் பாக்கணும். தேவைன்னா மறுபடி கொஞ்சம்." ஏற்றியதும் குளுகோஸ் இல்லை, உப்புக் கரைசல். கூடவே நல்ல வலி ஊசி.

அப்புறம் ஒரு சின்ன ஸ்கேன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்து வயிற்றில் நான்கு இடங்களில் வைத்துப் பார்த்தார். இரண்டு மூன்று நிமிஷ வேலை. 2004-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைச் சொன்னார். வண்டியில் அடிபட்டு வந்த 100 நாய்களுக்கு இப்படிப் பார்த்ததில் 45 நாய்களின் வயிற்றுக்குள் திரவம் சேர்ந்திருந்ததாம். பெரும்பாலும் ரத்தம். "அதிலே எத்தனையோ நாய் நடந்துதான் சார் வரும்."

நடந்துதான் வரும்.

செக்ரட்டரி வயிற்றிலும் கொஞ்சம் இருந்தது. "நாலு மணி நேரம் கழிச்சு மறுபடி பாப்பேன். கூடலைன்னா விட்டுடலாம். கூடினா வேற வழி பாக்கணும். நுரையீரல் அடி உடனே தெரியாது. 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரைக்கும் மோசமாகலாம். அதனாலே ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும்."

நான் தயங்கித் தயங்கி ராஜாவின் கதையைச் சொன்னேன். வேன், பால், துவைக்கிற கல். "அன்னிக்கே கொண்டு போயிருந்தா டாக்டர்...?"

அவர் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "உறுதியா சொல்ல முடியாது சார். ஆனா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு அவருக்கு நன்றி.

*

வெளியே வந்து உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு காலேஜ் பெண், காய்கறிக் கூடையில் பூனையோடு ஓடி வந்தாள். நான்காம் மாடி பால்கனியிலிருந்து விழுந்துவிட்டதாம். "பூனைதானேம்மா, எங்கேருந்து விழுந்தாலும் நாலு கால்லே நிக்கும்" என்று ஒரு பெரியவர் ஆறுதல் சொன்னார். (உலகம் முழுக்க இந்த ஜாதிப் பெரியவர்கள் இருக்கிறார்கள். வில்லிவாக்கத்தில் ஒருவர் இருந்தார்.)

அவள் கையில் ஒரு மாத்திரைப் பட்டை. "டாக்டர், வலிக்குது போல. வர்ற வழியிலே பாராசிட்டமால் வாங்கினேன். பாதி கொடுக்கட்டுமா?"

அதுவரை குரல் உயர்த்தாத டாக்டர் பாய்ந்து வந்து பட்டையைப் பிடுங்கினார். "இன்னும் கொடுக்கலையே? அப்பாடா! ஒரே ஒரு மாத்திரை போதும்மா, பூனையைக் கொல்ல. அதை முறிச்சு வெளியே தள்ளற சக்தி பூனை ஈரலுக்குக் கிடையாது. ரத்தத்தாலே ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமப் போய் ஈறே பழுப்பாயிடும். நாய்க்கும் நம்ம வலி மாத்திரை எதையும் நாமாகக் கொடுக்கக் கூடாது. ஐபுப்ரோஃபென் ரொம்ப மோசம்."

பூனையை உடனே ஆக்ஸிஜன் பெட்டிக்குள் வைத்தார்கள். பூனை சமாசாரமே வேறாம். ஷாக்கில் நாய்க்கு இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும். பூனைக்குப் பல சமயம் மெதுவாகிவிடும், உடம்பு ஜில்லிட்டுப் போகும். அமைதியாகப் படுத்திருக்கிறது என்று நாம் சந்தோஷப்படுவோம். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலே அவசர கேஸ். ரத்தம் ஏற்றுவதில்கூட வித்தியாசம் உண்டு. நாய்க்கு முதல் தடவை அவசரத்தில் குரூப் பார்க்காமல் ஏற்றினாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பூனைக்குக் குரூப் மாறினால், முதல் தடவையே உயிருக்கு ஆபத்து.

மாடியிலிருந்து விழும் பூனைகளுக்கென்று டாக்டர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் உள்ள அனிமல் மெடிக்கல் சென்டருக்கு ஐந்தே மாதத்தில் வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-ல் ஒரு கட்டுரை வந்தது. இரண்டாம் மாடி முதல் 32-வது மாடி வரை விழுந்தவை. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்த பூனைகளுக்கு அடி குறைவு என்றுகூட அதில் இருந்தது. உடனே சிலர், 'பூனைக்கு உயரம் கூடக் கூட நல்லது' என்று கிளம்பிவிட்டார்கள். ஒரு விஷயத்தை மறந்தார்கள். அங்கேயே செத்த பூனையை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவருவார்கள்? கணக்கில் வந்ததெல்லாம் வந்து சேர்ந்தவை மட்டும்.

பூனை நாலு காலில் நிற்பது வாஸ்தவம்தான். நின்ற கையோடு நெஞ்சும் தாடையும் தரையில் மோதுகின்றன. இந்தப் பூனைக்கும் அதேதான். கால் நான்கும் நலம். மேல் அண்ணம் நடுவில் பிளந்திருந்தது, நுரையீரலில் அடி. அந்தப் பெரியவர் மெதுவாக எழுந்து டீ சாப்பிடப் போய்விட்டார்.

*

செக்ரட்டரியின் வயிற்றில் திரவம் கூடவில்லை. மறுநாள் இன்னொரு முறை காற்றை எடுத்தார்கள். எக்ஸ்ரே எல்லாம் மூச்சு சீரான பிறகுதான். எலும்புக்கு பிளேட் வைத்தது நான்காம் நாள். பத்தாம் நாள் வீட்டுக்கு, அதாவது ஸ்டூலுக்கு, வந்துவிட்டது. ஐம்பது ரூபாய் கூடக் கேட்ட ஆட்டோக்காரர், அன்றிரவு பதினொன்றரை வரை கிளினிக் வாசலிலேயே நின்றார். வெயிட்டிங் சார்ஜ் கேட்பார் என்று பார்த்தேன். "பொழச்சுக்கிச்சா சார்?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் அம்மா சொன்னதில் எனக்கு ஞாபகம் இருப்பதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட பிராணிக்குப் பாலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க நேரலாம், குடித்தது நுரையீரலுக்குள் போகலாம். காயத்தில் சமையலறைப் பொடி எதுவும் வேண்டாம். துணி, அழுத்தம், பலகை, போர்வை போதும். எழுந்து நடந்தாலும் காட்டிவிடுங்கள். வீட்டில் நாய், பூனை இருந்தால், இன்றைக்கே, அது சௌக்கியமாக இருக்கும்போதே, உதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம் என்று பார்த்து வையுங்கள். நல்ல நிறம் தெரிந்தால்தானே கெட்ட நிறம் தெரியும்? உங்கள் பேட்டையில் ராத்திரி எந்த டாக்டர் இருப்பார் என்று விசாரித்து, நம்பரை எழுதி வையுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. அடிபட்ட பிறகு வழி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

பில் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. அசோசியேஷன் வாட்ஸப்பில் வசூல் அறிவிப்பு போட்டோம். முதலில் ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் யார் தெரியுமா? மூன்றாம் மாடி செக்ரட்டரி. 'செக்ரட்டரிக்கு ஒரு செக்ரட்டரியின் அன்பளிப்பு' என்று அவரே கையெழுத்துப் போட்டார். பெயர் மாற்றத் தீர்மானம் அதோடு கைவிடப்பட்டது.

அன்று ராத்திரி கட்டுப் போட்ட காலோடு செக்ரட்டரி படுத்திருக்கும் படத்தைப் பையனுக்கு அனுப்பி, நடந்ததையெல்லாம் எழுதினேன். 'அது நடந்துதான் வந்தது. ஆனாலும் டாக்டரிடம் கொண்டு போனேன்' என்று முடித்தேன். படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. அரை மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பேங்க்கிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. என் கணக்கில் ஐயாயிரம் ரூபாய் வரவு. கூடவே அவன் எழுதியிருந்த குறிப்பு, இரண்டே வார்த்தை:

'ராஜா கணக்கில்.'